டெண்டர்: விடுவதா, கோருவதா?

எங்கள் தெருவில் துணிப்பை தைத்து விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். மூன்று தையல் மெஷின், கூட வேலை செய்ய நாலு பெண்கள். போன மாதம் கையில் ஒரு துண்டுத்தாளோடு வந்தார். "தம்பி, ஒரு மத்திய அரசு ஆபீஸ்ல பத்தாயிரம் பை வேணும்னு டெண்டர் விட்டிருக்காங்களாம். எவ்வளவுக்கு விட்டிருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க, நாம எடுக்கலாமா?" என்றார்.

எவ்வளவுக்கு விட்டிருக்கிறார்கள் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் அங்கே விலையைச் சொல்ல வேண்டியது அரசு அல்ல, அவர்தான். ஆனால் இதை அவருடைய அறியாமை என்று சொல்ல மாட்டேன். நாம் எல்லோரும் 'டெண்டர் விட்டார்கள்', 'டெண்டர் எடுத்தார்' என்றுதான் பேசுகிறோம். அந்தப் பேச்சுதான் அவரை அப்படிக் கேட்க வைத்தது.

'விடு' என்ற வினை எங்கிருந்து வந்து இதில் ஒட்டிக்கொண்டது என்று பாருங்கள். வீட்டை வாடகைக்கு விடுகிறோம். நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறோம். புளிய மரங்களின் மகசூலை ஏலம் விடுகிறார்கள். கண்மாயின் மீன்பாசியைக் குத்தகைக்கு விடுகிறார்கள். சைக்கிள் நிறுத்தும் இடம், வாரச் சந்தையில் வசூல் செய்யும் உரிமை எல்லாம் இதே கணக்குதான். இவற்றில் பொருள் விடுகிறவரிடம் இருக்கிறது. எடுக்கிறவர் பணம் கொடுக்கிறார், அதிகம் கொடுப்பவருக்குக் கிடைக்கிறது. ஊர்க்காரர்கள் அரசாங்கத்தின் வியாபாரத்தை நேரில் பார்த்தது பெரும்பாலும் இந்த ஏலங்களில்தான். அதனால் டெண்டர் என்ற புதுச்சொல் வந்தபோது அதற்கும் அதே வினையைப் பூட்டிவிட்டோம் என்று நினைக்கிறேன். ஏலம் என்ற சொல்லே கடல் கடந்து வந்ததுதான். போர்ச்சுக்கீசியர்களின் 'லெய்லாவ்' மலையாளத்தில் லேலம் ஆகி, தமிழில் ஏலம் ஆனது.

சரி, டெண்டருக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் பல டெண்டர்கள் இருக்கின்றன. மென்மை, இளசு என்ற பொருளில் வருவது 'தெனெர்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. நீராவி ரயிலில் எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து போன பெட்டிக்கும் டெண்டர் என்று பெயர். அது உடனிருந்து பணி செய்வது என்ற பொருளுள்ள சொல்லின் குறுக்கம். நம்முடைய டெண்டர் வேறு. 'தெந்தெரே' என்ற லத்தீன் வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் பொருள் நீட்டுதல், கையை நீட்டி ஒன்றைக் கொடுத்தல். கடனைத் தீர்க்கப் பணத்தை நீட்டுவது, ராஜினாமா கடிதத்தை நீட்டுவது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இந்த வினைதான். 17-ஆம் நூற்றாண்டில், இந்த வேலையை இந்த விலைக்குச் செய்து தருகிறேன் என்று எழுதி நீட்டும் தாளுக்கும் அது பெயராயிற்று.

அதாவது டெண்டர் என்பது நீட்டுவது. நீட்டுகிறவர் வியாபாரி. அரசு வாங்கிப் படித்துப் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் கண்ணாலும் இதே வரிசைதான். பத்திரிகையில் வரும் அறிவிப்பு வெறும் அழைப்பு. வியாபாரி கொடுக்கும் தாள் முன்மொழிவு. அரசு அதை ஒப்புக்கொண்டால் அது ஏற்பு. ஏற்பு வந்த பிறகே ஒப்பந்தம் பிறக்கிறது. அறிவிப்பு கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக யாருக்காவது வேலையைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை. 'நிர்வாகக் காரணங்களால் ரத்து செய்யப்படுகிறது' என்ற வரியை அடிக்கடி பார்க்கிறோமே, அதற்குச் சட்டத்தில் இடம் இருப்பது இதனால்தான். அதே போல வியாபாரியும் ஏற்பு வருமுன் தன் முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். ஆனால் விலை செல்லுபடியாகும் காலத்துக்குள் பின்வாங்கினால், உறுதிக்காக முன்கூட்டியே கட்டிய முன்வைப்புத் தொகை போய்விடும். ஈ.எம்.டி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

இப்போது தமிழ்ச்சொல். ஒப்பந்தப்புள்ளி என்பது தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் நிலைத்துவிட்ட சொல். 'முத்திரையிடப்பட்ட ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன' என்ற வரியை நாளிதழில் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆனால் அந்தப் 'புள்ளி' அங்கே என்ன செய்கிறது என்று பலரும் யோசித்ததில்லை. நானும் நெடுநாள் யோசிக்காமல்தான் கடந்து போனேன்.

மெய்யெழுத்தின் தலையில் வைப்பது புள்ளி, வாசலில் கோலத்துக்கு இடுவது புள்ளி. அதோடு எண்ணிக்கை, கணக்கு, மதிப்பு என்ற பொருளும் அதற்கு உண்டு. புள்ளிவிவரம் என்கிறோம். ஆட்டத்தில் எடுத்த மதிப்பைப் புள்ளி என்கிறோம். ஊரில் மதிப்புள்ள ஆளைப் பெரும்புள்ளி என்கிறோம். நகரத்தார் கோயில் கணக்கில் திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. கடைக்காரரிடம் விலை எழுதி வாங்கும் கொட்டேஷனுக்கு விலைப்புள்ளி என்பது அழகான பெயர். ஒருவர் தன் செலவையும் லாபத்தையும் கணக்குப் போட்டு, இதுதான் என் விலை என்று குறித்துக் கொடுக்கும் எண் அது. ஒப்பந்தம் என்பதற்கு அடி 'ஒப்பு', அதாவது ஒத்துக்கொள்ளுதல். ஆக, ஒப்பந்தத்துக்காக ஒருவர் குறித்துத் தரும் விலைக்கணக்கு ஒப்பந்தப்புள்ளி. லத்தீன் சொல் கையை நீட்டுவதைப் பார்க்கிறது. தமிழ்ச்சொல் கையில் இருக்கும் கணக்கைப் பார்க்கிறது. எனக்குத் தமிழ்ச்சொல்தான் கூடுதலாக விளக்குவதாகப் படுகிறது. நீளம் என்ற ஒரு குறை இருக்கிறது, அது உண்மை. பேச்சில் டெண்டர் போகாது. எழுத்தில் இதைக் கைவிட வேண்டாம் என்பேன்.

எழுதும்போது இடையில் 'ப்' கட்டாயம். ஒப்பந்தம் என்பதில் ஈற்று மகரம் கெட்டு வல்லினம் மிகும், மரப்பெட்டி போல. 'ஒப்பந்தபுள்ளி' என்று அறிவிப்புகளில் வருவது பிழை. அதைவிடப் பெரிய பிழை வினையில் நடக்கிறது. செய்திகளில் 'அரசு ஒப்பந்தப்புள்ளி வெளியிட்டது', 'ஒப்பந்தப்புள்ளி விட்டது' என்று எழுதுகிறார்கள். அரசு ஒப்பந்தப்புள்ளி கோருகிறது. வியாபாரி ஒப்பந்தப்புள்ளி அளிக்கிறார். வெளியிடப்படுவது ஒப்பந்தப்புள்ளி அழைப்பு அல்லது அறிவிப்பு. இந்த ஒரு வினையைத் திருத்திக்கொண்டாலே அக்காவுக்கு வந்த குழப்பம் வராது.

அரசே விற்கும்போதும் ஒப்பந்தப்புள்ளி கோருவது உண்டு, பழைய வாகனங்களைக் கழிக்கும்போது போல. அங்கே அதிக விலை குறித்தவருக்குக் கிடைக்கும். வாங்கும்போது குறைந்த விலை. இரண்டிலும் புள்ளி வைக்கிறவர் வெளியே இருந்து வருகிறவர்தான்.

இலங்கைத் தமிழில் இதே பொருளுக்குக் கேள்விப்பத்திரம், விலைமனு என்ற சொற்கள் புழங்குகின்றன. கேள்வி என்பது வினா அல்ல, ஏலத்தில் விலை கேட்கிறோமே, அந்தக் கேள்வி என்றே நான் புரிந்துகொள்கிறேன். அரசு பொருளும் பணியும் வாங்குவதை நாம் கொள்முதல் என்கிறோம், அங்கே பெறுகை. 2015-இல் 19-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவை உண்டாக்கியது. 2020-இல் 20-ஆவது திருத்தம் அதை நீக்கியது, 2022-இல் 21-ஆவது திருத்தம் மீட்டது. கொள்முதல் என்றால் நமக்கு நெல் கொள்முதல் நிலையம்தான் முதலில் கண்முன் வரும். சாலை போடுவதையும் மென்பொருள் வாங்குவதையும் சேர்த்துச் சொல்லப் பெறுகை பொருத்தமான சொல், இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம். மலேசியா, சிங்கப்பூரில் காண்ட்ராக்டரைக் குத்தகையாளர் என்பார்கள். நமக்கு அந்தச் சொல் நிலத்தோடும் கண்மாயோடும் கட்டுண்டு கிடக்கிறது. நம் ஒப்பந்ததாரரில் இருக்கும் 'தார்' பாரசீகத்திலிருந்து வந்த ஒட்டு. தாசில்தாரிலும் ஜமீன்தாரிலும் இருப்பது அதுவே.

வேலை யாருக்குப் போகிறது என்பதைத்தான் அக்கா அதிகம் கேட்டார். வழக்கமாக இரண்டு உறை. முதல் உறையில் தகுதி: பதிவுச் சான்று, முன் அனுபவம், வருமான வரிக் கணக்கு, கேட்ட தரத்தில் பொருள் தர முடியும் என்பதற்கான ஆதாரம். இதில் தேறியவர்களின் இரண்டாவது உறையை மட்டுமே பிரிப்பார்கள். அதில் விலை இருக்கும். இப்போது உறை பெரும்பாலும் இணையத்தில்தான், முத்திரைக்குப் பதிலாக மின்னணுக் கையொப்பம். பெயர் மட்டும் உறை என்றே நிற்கிறது. விலைகளை வரிசைப்படுத்தினால் ஆகக் குறைந்தவர் எல் 1, அடுத்தவர் எல் 2. எல் என்பது 'குறைந்தது' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. பொதுவாக எல் 1-க்கே வேலை. விலை சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தெரிந்தால் பேரம் பேசலாம், ஆனால் எல் 1 ஆனவரோடு மட்டும். மற்றவரைக் கூப்பிட்டு, நீங்கள் இன்னும் குறைப்பீர்களா என்று கேட்பது கூடாது. ஆலோசனைப் பணிகளில் தரத்துக்கும் மதிப்பெண் போட்டு, அதை விலையோடு சேர்த்துப் பார்ப்பதுண்டு.

சிறு தொழில் செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விதி இருக்கிறது. 2012-இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் கொள்முதல் கொள்கை, குறு, சிறு நிறுவனங்களுக்கானது. ஏதோ ஒரு பொருள் பத்தாயிரம் கேட்கிறார்கள், எல் 1 ஒரு பெரிய நிறுவனம், ஒன்றுக்கு 40 ரூபாய் குறித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறு நிறுவனம் 45 ரூபாய் குறித்திருக்கிறது. எல் 1-க்கு மேல் 15 சதவீதத்துக்குள், அதாவது 46 ரூபாய்க்குள் இருப்பதால், 40 ரூபாய்க்கு இறங்கி வரச் சம்மதமா என்று அந்தச் சிறு நிறுவனத்தைக் கேட்க வேண்டும். சம்மதித்தால் குறைந்தது கால் பங்கு, அதாவது 2,500 உருப்படி குறு, சிறு நிறுவனங்களின் பங்காகக் கிடைக்கும். அந்த விலை வரம்புக்குள் இருக்கும் சிறு நிறுவனம் அது ஒன்றுதான் என்றால் அந்தப் பங்கு முழுவதும் அதற்கே. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி முன்வைப்புத் தொகை மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கலாம். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிலிருந்தும் விலக்கு உண்டு. இதற்கு உத்யம் என்ற, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு வேண்டும். வாங்கி விற்கிறவர்களுக்கு இது இல்லை, தானே தயாரிக்கிறவருக்குத்தான். இதைச் சொன்னபோது அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக இப்படி ஒன்று இருப்பதை அவரிடம் யாருமே சொல்லவில்லை.

முடிவு சொல்லும் கட்டத்தில் இன்னொரு சொல் இடறுகிறது. ஒப்பந்தம் கொடுப்பதை ஆங்கிலத்தில் 'அவார்ட்' என்கிறார்கள். கணினி மொழிபெயர்ப்புகள் இதை 'ஒப்பந்த விருது' ஆக்கிவிடுகின்றன. இங்கே விருதும் இல்லை, பாராட்டும் இல்லை. பரிசீலித்துத் தீர்மானிப்பது என்பதே அச்சொல்லின் பழைய பொருள். ஒப்பந்தம் வழங்கல் என்றால் போதும். அப்புறம் வருவது ஏற்புக் கடிதம், பணி ஆணை. மாநில அரசின் ஒப்பந்தம் என்றால் அரசியலமைப்பின் 299-ஆவது பிரிவுப்படி அது ஆளுநர் பெயரில் எழுதப்படும், மத்திய அரசு என்றால் குடியரசுத் தலைவர் பெயரில்.

அறிவிப்பில் போட்ட நிபந்தனையை அரசே மீறலாமா? 1979-இல் பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்தும் உரிமை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. இரண்டாம் வகுப்பு ஓட்டல் நடத்துநராகப் பதிவு செய்து 5 ஆண்டு அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று அறிவித்துவிட்டு, அந்தத் தகுதி இல்லாதவருக்குக் கொடுத்திருந்தார்கள். தானே வைத்த அளவுகோலுக்கு அரசும் கட்டுப்பட்டது, இல்லையேல் சமத்துவ உரிமை மீறப்படுகிறது என்றது நீதிமன்றம். ஆனாலும் வழக்கைத் தாமதமாகக் கொண்டுவந்ததால் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. தீர்ப்பு அளவுக்கு இந்தத் தாமதத்தையும் நினைவில் வைக்க வேண்டும். தமிழ்நாடு 1998-இல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகு கர்நாடகமும் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுச் சட்டப்படி முடிவால் பாதிக்கப்பட்டவர் ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த நாட்கள் ஓடிவிட்டால் அந்த வழி மூடிவிடும்.

அக்காவுக்கு வந்த அழைப்பு, அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் மத்திய அரசின் இணையச் சந்தையான ஜெம் தளத்தில் இருந்தது. 2016-இல் தொடங்கிய தளம் அது. சில கொள்முதல்களில் அங்கே எதிர் ஏலமும் நடக்கும். விலை ஏறுவதற்குப் பதில் இறங்கிக்கொண்டே போகும் ஏலம். இந்த அழைப்பில் அது இல்லை. அவர் தன் பழைய நோட்டை எடுத்துத் துணி, நூல், கைப்பிடி நாடா, கரண்ட், நாலு பேர் கூலி, வண்டி வாடகை, ஜிஎஸ்டி என்று வரிசையாக எழுதினார். தையல் கூலியை மட்டும் மூன்று முறை அடித்துத் திருத்தினார், குறைக்க மனமில்லாமல். பை ஒன்றுக்கு 43 ரூபாய் 20 காசு வந்தது. புதன்கிழமை மாலை மூன்று மணிக்குள் அதைத் தளத்தில் ஏற்ற வேண்டும்.