கசக்கிற சுரைக்காயைத் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள்

போன செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு வந்த பெண்ணுக்கு வயது 34. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிமிர முடியாமல் வந்தார். வாந்தியில் ரத்தம். பி.பி. 80/50. கணவர் கையில் பழைய ரிப்போர்ட், மாத்திரை அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் தயாராக இருந்தன. என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் மட்டும், "வெளியில ஒண்ணுமே சாப்பிடலைங்க டாக்டர், எல்லாம் வீட்டுச் சாப்பாடுதானுங்க" என்கிறார். மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் வந்தது. மொட்டைமாடியில் பறித்த சுரைக்காயை மிக்ஸியில் அடித்து, சாயங்காலம் ஒரு டம்ளர் குடித்தாராம்.

"கசந்துச்சா?"

"கசந்துச்சுங்க. அதான் தேன் கலந்து குடிச்சா."

இந்த வருஷத்தில் எனக்கு இது நான்காவது கேஸ். நான்கிலும் காய் வீட்டில் விளைந்தது. நான்கு பேருக்கும் கசப்பது தெரிந்திருந்தது, தெரிந்தேதான் விழுங்கினார்கள். எனக்கு ஆற்றாமையே அதில்தான். தெரியாமல் நடந்தால் விதி என்று விட்டுவிடலாம். நாக்கு பச்சையாகச் சொன்ன பிறகும் தேனையும் வெல்லத்தையும் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டு உள்ளே அனுப்பினால் நான் என்ன சொல்வது? அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையும் முன்சிறுகுடலும் வெந்நீர் கொட்டியது போல் புண்ணாகிக் கிடந்தன.

மாடித்தோட்டத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. என் வீட்டு மாடியிலும் பதினான்கு பைகள் இருக்கின்றன. சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். கிளினிக் முடித்துவிட்டு வந்து, டார்ச் அடித்துக்கொண்டு, ஆண்பூ ஒன்றைக் கிள்ளி, அடியில் விரல்நுனி அளவு பிஞ்சோடு நிற்கும் பெண்பூவில் தடவிவிட்டு வருவேன். பதினைந்து நாளில் அந்தப் பிஞ்சு முழங்கை நீளத்துக்கு வந்துவிடும். மேலே பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமம் இருக்கும். நகம் வைத்தால் சுலபமாக இறங்கும். அதை நறுக்கிப் பாசிப்பருப்போடு வேகவிட்டு, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. சூடான சோறு, கொஞ்சம் நெய். அன்றைக்கு யார் கல்யாண விருந்துக்குக் கூப்பிட்டாலும் போக மாட்டேன்.

அந்த நிறைவு உண்மையானது. ஆபத்தும் அதற்குள்ளேயேதான் இருக்கிறது. சந்தையில் காசு கொடுத்து வாங்கிய காய் கசந்தால் கடைக்காரரை ஒரு வசவு வைது குப்பையில் போட்டுவிடுகிறோம். நாமே விதை போட்டு, பந்தல் கட்டி, தினமும் தண்ணீர் ஊற்றி, வாட்ஸ்அப்பில் படம் போட்ட காய் கசந்தால் கை வர மாட்டேன் என்கிறது.

சித்திரையில் வந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கதையைச் சொல்கிறேன். 67 வயது. மகள் வீட்டுக்குப் போய் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொல்லியிருந்தான். ஊற்றியது இரண்டு நாளோ மூன்று நாளோ. திரும்பி வந்து பார்த்தால் கொடி பாதி காய்ந்து, ஒரே ஒரு சுரைக்காய் மட்டும் தப்பித்துத் தொங்கியிருக்கிறது. கூட்டு வைத்தார்கள். வாத்தியார் வீட்டு அம்மா ஒரு வாய் வைத்ததுமே முகம் சுளித்துத் தட்டில் ஒதுக்கிவிட்டார். சார் ஒதுக்கவில்லை. கொஞ்சம் வெல்லம் சேர்த்து, மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு இரண்டு கரண்டி சாப்பிட்டு முடித்தார். அம்மாவுக்கு நான்கு தடவை வயிற்றுப்போக்கு, அதோடு சரி. சார் இரண்டு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். தெளிந்ததும் ஏன் சார் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "ஒரே ஒரு காய்தானுங்களே தப்பிச்சது, வீணாக்க மனசு வரலைங்க" என்றார். அவரைத் திட்ட எனக்கும் மனசு வரவில்லை.

ஆனால் அடுத்து அவர் சொன்னதுக்குத் திட்டினேன். "கசப்பு உடம்புக்கு நல்லதுதானுங்களே?"

இந்த ஒரு வாக்கியத்தை நம் தலையிலிருந்து எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பாகற்காய் கசக்கிறது, சுண்டைக்காய் கசக்கிறது, வேப்பம்பூ கசக்கிறது, நிலவேம்புக் கஷாயம் கசக்கிறது, எல்லாம் நல்லது. ஆகவே கசப்பதெல்லாம் நல்லது. கணக்கு வாத்தியாரே போடுகிற கணக்கு இது! எட்டிக்காயும் கசக்கும், சாப்பிடுவீர்களா? பாகற்காயில் கசப்பு அதன் பிறவிக்குணம். அதை எப்படிச் சமைப்பது, எவ்வளவு சாப்பிடுவது என்று தலைமுறை தலைமுறையாக நமக்குப் பழக்கம். சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், வெள்ளரிக்காய் அப்படி இல்லை. இவையெல்லாம் ஒரு காலத்தில் கசப்பாக இருந்தவைதான். கசக்காத செடிகளாகப் பொறுக்கிப் பொறுக்கி விதை எடுத்து, பல நூறு தலைமுறை உழவர்கள் அந்தக் கசப்பை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒழிந்தது திரும்பி வந்திருக்கிறது என்றால் அது மருந்தாகத் திரும்பி வரவில்லை.

நம் பெரியவர்கள் இதற்குத் தனியாகப் பெயரே வைத்துவிட்டார்கள். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல். வேலியில் தானாகப் படர்ந்து கிடப்பவை. வைத்தியர்கள் பேதிக்குக் கொடுப்பதற்கு எடுத்தார்களே தவிர, யாரும் குழம்பு வைக்கவில்லை. பேர் சொல்லும்போதே பேய் என்று சொல்லிக் கொடுத்த மொழியில் பிறந்துவிட்டு, தேன் கலந்து குடிக்கிறோம். என் அம்மா பீர்க்கங்காய் நறுக்கும்போது ஒவ்வொரு காயிலும் ஒரு துண்டை வாயில் போட்டுத் துப்பிவிட்டுத்தான் மற்றதைச் சட்டியில் போடுவாள். எதற்கென்று கேட்டால் "கசக்கும்டா" என்பாள், அவ்வளவுதான் விளக்கம். மிக்ஸி ஜூஸ் வந்த பிறகு அந்த ஒரு துண்டு காணாமல் போய்விட்டது.

அப்புறம் இன்னொரு வாதம்: "மருந்தே அடிக்கலைங்க, பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும்தான்." சரி, நல்ல விஷயம். ஆனால் இந்த விஷத்தைத் தெளித்தது யாருமில்லை, செடியே காய்ச்சுகிறது. குக்கர்பிட்டாசின் என்று பெயர். பூச்சியும் ஆடும் தன்னைத் தின்னாமல் இருக்க அது வைத்திருக்கும் ஆயுதம். வேகவைத்தாலும் போகாது, உப்புப் போட்டுப் பிழிந்தாலும் நம்ப முடியாது, வெல்லம் போட்டால் உங்கள் நாக்குத்தான் ஏமாறும்.

பாகற்கொடி பக்கத்தில் இருந்ததால் சுரைக்காய் கசந்துவிட்டது என்று ஒரு கதையும் சுற்றுகிறது. பாகலும் சுரையும் ஒன்றோடொன்று கருவுறவே செய்யாது. வேலியோரப் பேய்ச்சுரையின் மகரந்தம் உங்கள் பூவில் ஒட்டினாலும் அந்தக் காய் மாறாது. அதற்குள் இருக்கும் விதை மாறும். அந்த விதையை எடுத்து வைத்து அடுத்த பட்டத்தில் போடும்போதுதான் வினை. அதனால்தான் "நாட்டு விதை, நண்பர் கொடுத்தார்" என்று வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் கூடுதலாக விசாரிப்பேன். மற்றபடி கடும் வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு, சத்தில்லாத மண், முற்றவிட்டுப் பறிப்பது, இவை எல்லாமே கசப்பை ஏற்றக்கூடியவை. பையில் வளர்க்கும் செடிக்கு இது சீக்கிரம் நடக்கும், அதற்கு வேரை இறக்கித் தண்ணீர் தேட இடம் ஏது.

இதெல்லாம் டாக்டர் பயமுறுத்துவது என்று நினைக்காதீர்கள். 2010-இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய்ச் சாறும் பாகற்காய்ச் சாறும் கலந்து குடித்து இறந்துபோனார். முதல் தடவை குடித்தவர் இல்லை, சில ஆண்டுகளாகக் குடித்து வந்தவர். பாகற்காய்ச் சாறு கலந்தால் சுரைக்காயின் கசப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? பிறகு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நிபுணர் குழு ஆராய்ந்து சொன்னதும் என் அம்மா சொன்னதுதான். சாறு எடுப்பதற்கு முன் ஒரு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் கொட்டுங்கள், வேறு சாறோடு கலக்காதீர்கள். 2015-இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் ஊரில் 79 வயது முதியவர் ஒருவர், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினிக் காயைச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தார். சுக்கினி நம் பூசணிக்குச் சொந்தக்காரன். மனைவி கசக்கிறதென்று கொஞ்சத்தோடு நிறுத்திக்கொண்டார், பிழைத்தார். வாத்தியார் வீட்டு அம்மா மாதிரியே. பிரான்சில் இப்படிச் சாப்பிட்ட இரண்டு பெண்களுக்குச் சில வாரம் கழித்துத் தலைமுடி கொத்தாகக் கொட்டியதை 2018-இல் ஒரு தோல் மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. உயிர் போகும் என்று சொன்னால் கேட்காதவர்கள் முடி கொட்டும் என்றால் கேட்கிறார்கள். ஆகவே அதையும் சொல்லி வைக்கிறேன்.

சரி, என்ன செய்வது. காம்புப் பக்கம் ஒரு சின்னத் துண்டு, நடுவில் ஒரு துண்டு நறுக்கி, கடித்துப் பார்த்துத் துப்புங்கள். பச்சையாக. சமைத்த பிறகு அல்ல. ஒவ்வொரு காயையும். நேற்று அதே கொடியில் பறித்தது நன்றாக இருந்தது என்பதெல்லாம் இன்றைய காய்க்கு ஜாமீன் ஆகாது. லேசாகக் கசந்தாலும் முழுக் காயும் குப்பைக்கு. நல்ல பாதி, கெட்ட பாதி என்று பிரிக்கிற வேலை வேண்டாம். ஆடு மாட்டுக்கும் போடாதீர்கள். அந்தக் கொடியில் விதை எடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் கொடியையே பிடுங்கிவிடலாம். சுவைத்துப் பார்க்கும் வேலையை வீட்டுத் தாத்தாவிடம் மட்டும் விடாதீர்கள். வயதானால் நாக்கு மழுங்கும், சளி பிடித்திருந்தாலும் மழுங்கும், சிலருக்குப் பிறவியிலேயே கசப்பு அவ்வளவாகத் தெரியாது. இரண்டு பேர் பாருங்கள். கோடையில் பச்சை நிழல்வலை கட்டுங்கள், ஊருக்குப் போவதாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பையனை நம்பாதீர்கள்.

சாப்பிட்டாகிவிட்டது, வயிறு வலிக்கிறது என்றால் ஓமத் தண்ணீர், மோர், வெந்தயம் என்று நேரத்தைக் கடத்த வேண்டாம். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி, ரத்தம், பி.பி. இறங்குவது எல்லாம் வரிசையாக வரும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. நாங்கள் செய்வது டிரிப் ஏற்றுவது, வயிற்றுப் புண்ணுக்கு மருந்து கொடுப்பது, பி.பி.யைத் தாங்கிப் பிடிப்பது. சீக்கிரம் வந்தால் அதுவே பெரும்பாலும் போதும். விரலை விட்டு வாந்தி எடுக்காதீர்கள். வந்ததும் முதல் வார்த்தையாக "கசக்கிற சுரைக்காய் சாப்பிட்டேன்" என்று சொல்லுங்கள். "வீட்டுச் சாப்பாடு" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. டூட்டியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: ரத்த வாந்தி என்றதும் வலிமாத்திரை, குடிப்பழக்கம் கேட்கிறீர்கள். கூடவே, கசப்பாக ஏதாவது சாப்பிட்டார்களா என்றும் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

இடையில் இன்னொன்று. எங்கள் தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், வயல் வயலாகக் கிடக்கிறது. பூ அழகாக இருக்கிறது என்று வீட்டில் வைக்கிறார்கள். தோண்டும்போது வரும் கிழங்கைக் காய்கறிக் கிழங்கோடு ஒரே கூடையில் போடாதீர்கள். அதுவும் கொடிய விஷம். அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

நேற்று வாத்தியாரும் அம்மாவும் பி.பி. பார்க்க வந்திருந்தார்கள். பழைய கொடியைப் பிடுங்கிவிட்டு ஆடியில் கடை விதை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கிளம்பும்போது சார் மேசையில் ஒரு மஞ்சள் பையை வைத்தார். உள்ளே இரண்டு சுரைக்காய். இரண்டிலும் காம்போரம் ஒரு சின்னச் சதுரம் வெட்டியெடுத்த இடம் லேசாகப் பழுப்பேறியிருந்தது.

"நான் ஒண்ணு, அவ ஒண்ணு கடிச்சுப் பார்த்துட்டோமுங்க" என்றார்.

வீட்டுக்குப் போனதும் நானும் ஆளுக்கொரு துண்டு வெட்டி, ஒன்றை என் வீட்டம்மாவிடம் நீட்டினேன்.