பெயர் அதேதான், ஆள் வேறு

எடின்பரோவில் குடும்ப வரலாறு தேடிக் கொடுப்பது என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒருவர் சுருட்டிய சார்ட் பேப்பரைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்தார். அவரிலிருந்து மேலே ஏழு தலைமுறை. ஸ்காட்லாந்தின் வடக்கே, சதர்லாந்துப் பகுதிக் குடும்பம். இணையத்தில் யாரோ போட்டு வைத்திருந்த வம்சாவளியைப் பார்த்து அப்படியே எழுதியது.

கீழிருந்து ஐந்தாவது கட்டத்தில் என் பென்சில் நின்றுவிட்டது. அங்கிருந்த அலெக்ஸாண்டருக்கு 1841இல் கல்யாணம் என்று போட்டிருந்தது. ஆனால் அவருடைய பெற்றோர் என்று காட்டியிருந்த வீட்டை 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினால், அந்த அலெக்ஸாண்டர் கல்யாணமாகாமல் அப்பா அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறார்.

இந்தத் தவறு வாரத்துக்கு ஒன்றாவது என்னிடம் வரும். காரணம் ஸ்காட்லாந்தின் பெயர் வைக்கும் வழக்கம். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூன்றாமவனுக்கு அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாமவளுக்கு அப்பாவின் அம்மா பெயர், மூன்றாமவளுக்கு அம்மா பெயர். பேரன் என்ற சொல்லுக்குள்ளேயே பெயரை வைத்திருக்கும் நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு தாத்தாவுக்கு ஐந்து மகன்கள் என்று வையுங்கள். ஐவரும் மூத்த பிள்ளைக்கு அவர் பெயரையே வைப்பார்கள். ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர், ஏறக்குறைய ஒரே வயதில் ஐந்து அலெக்ஸாண்டர்கள். தேடலில் முதலில் வந்து விழுபவரை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

பிள்ளை இறந்தால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை மறுபடி வைப்பதும் உண்டு. ஞானஸ்நானப் பதிவில் ஒரே பெற்றோருக்கு இரண்டு ஜான் இருந்தால், மூத்தவன் போய்விட்டான் என்றுதான் பெரும்பாலும் நினைப்போம். ஆனால் இரண்டு தாத்தாக்களுக்கும் ஜான் என்றே பெயர் இருந்துவிட்டால், உயிரோடிருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஜான் என்று வைத்தவர்களும் உண்டு. எனவே அவசரப்பட்டு யாரையும் சாகடிக்காதீர்கள்.

சரி, சார்ட்டுக்கு வருவோம். அந்த அலெக்ஸாண்டரின் பிள்ளைகளில் கிறிஸ்டியன் என்று ஒரு பெயர் இருந்தது. எழுதியவர் அதை மகன் என்று குறித்திருந்தார். பழைய ஸ்காட்லாந்தில் கிறிஸ்டியன் பெண் பெயர். நிக்கோலஸ், ஜைல்ஸ் என்ற பெயர்களோடும் அங்கே பெண்கள் இருந்திருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டின் படத்தைத் திறந்து, பெயருக்குப் பக்கத்தில் மகளா மகனா என்று எழுதியிருப்பதைப் படித்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அட்டவணையை மட்டும் பார்த்து எழுதினால் இப்படித்தான்.

கிறிஸ்டியனுக்கு அடுத்து ஹியூகினா. இது ஹியூ என்ற ஆண் பெயரைப் பெண்ணுக்கு ஏற்றபடி நீட்டியது. ஜேம்ஸினா, டொனால்டினா, மர்டினா எல்லாம் இதே வார்ப்புதான், வடக்கே ஹைலேண்ட்ஸ் என்ற மலைப்பகுதிப் பக்கம் அதிகம். 1888இல் குதிரைத் தலை நெபுலாவைக் கண்டறிந்த வானியலாளர் வில்லியமினா ஃபிளெமிங் 1857இல் டண்டீயில் பிறந்தவர். இப்படியொரு பெயரைப் பார்த்தால், அந்தக் குடும்பத்தில் அந்தப் பெயருக்கு உரிய ஓர் ஆண் இருந்திருக்கலாம் என்று தேடத் தொடங்குவேன்.

பெயரையே மாற்றி எழுதும் சிக்கலும் உண்டு. ஜேனட், ஜெஸ்ஸி, ஜீன் ஒரே பெண்ணாக இருக்கலாம். பேட்ரிக்கும் பீட்டரும் ஒரே ஆளாக இருக்கலாம். ஹைலேண்ட்ஸின் பழைய மொழியான கேலிக் பேசிய வீட்டில் டோர்மட் என்று அழைக்கப்பட்டவரை எழுத்தர் நார்மன் என்று எழுதியிருப்பார்.

நடுப்பெயரைத் தாண்டிப் போகாதீர்கள். அது பெரும்பாலும் ஒரு குடும்பப் பெயர்: அம்மாவுடையது, பாட்டியுடையது, சில சமயம் ஞானஸ்நானம் கொடுத்த போதகருடையது. கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1855இல் அரசுப் பதிவு தொடங்கிய பிறகு, தகப்பனும் உடன் வந்து கையெழுத்துப் போட்டால் ஒழிய அவர் பெயர் பிறப்புப் பதிவில் ஏறாது. அப்போது தாய் அவருடைய குடும்பப் பெயரைப் பிள்ளையின் நடுவில் வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டேன். சபை மூப்பர்களின் கூட்டக் குறிப்புகளைத் தேடிப் போவேன். தகப்பன் யார் என்று அவர்கள் கேட்டு எழுதி வைத்திருப்பார்கள்.

கிறிஸ்டியன் இரண்டாவது மகள். அப்படியானால் வழக்கப்படி அலெக்ஸாண்டரின் அம்மா பெயர் கிறிஸ்டியனாக இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்திலும் ஒரே தாத்தாவின் பேரன்களாக ஐந்து அலெக்ஸாண்டர்கள் இருந்தார்கள்; அவர்களில் ஒருவருடைய தாய்க்கு மட்டுமே அந்தப் பெயர். இது துப்பு மட்டும்தான். எல்லாக் குடும்பங்களும் இந்த வழக்கத்தைக் கடைப்பிடிக்கவில்லை. நல்ல வேளையாக 1841இல் கல்யாணமான அந்த அலெக்ஸாண்டர் 1855க்குப் பிறகு இறந்திருந்தார். ஸ்காட்லாந்து இறப்புப் பதிவில் தகப்பன் பெயரும், தாயின் பெயரும், அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் கேட்பார்கள். படத்தைத் திறந்தோம். தாய்: கிறிஸ்டியன்.

வந்தவர் ரப்பரைக் கேட்டார். ஏழாவது கட்டத்துத் தாத்தாவைத் தொட வேண்டாம் என்றேன். ஐந்து பேருக்கும் அவர்தானே தாத்தா! ஆறாவது கட்டத்தில் இருந்த அப்பாவையும் அம்மாவையும் அழித்தார். அந்த அம்மாவின் வீட்டாரைப் பற்றி மட்டும் மூன்று வருடமாகத் தேடிச் சேர்த்திருந்தாராம், இரண்டு ஃபைல்.