கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது

செந்தூலில் கணினி பழுது பார்க்கிறேன். ஏப்ரல், மே மாதங்களிலும், அப்புறம் அக்டோபர், நவம்பரிலும் கோலாலம்பூரில் சாயங்கால இடிமழை அதிகம். மறுநாள் காலையில் மின்னலால் கெட்டுப்போன கணினியோடு கடைக்கு ஆள் வந்துவிடுவார்கள்.

போன வாரம் ஓர் அக்கா, மகனின் கணினியைக் கொண்டுவந்தார். "இடி இடிக்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிட்டேனே தம்பி!" அவர் சொன்னது உண்மைதான். ஆனால் ரௌட்டர் கரண்டிலேயே இருந்தது. அதிலிருந்து கணினிக்கு வரும் நெட்வொர்க் கேபிளையும் யாரும் கழற்றவில்லை. அந்த வழியாக வந்த மின்னழுத்தம் மதர்போர்டையே முடித்துவிட்டது.

"இப்போதெல்லாம் ஃபைபர் லைன்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, சரி. ஆனால் ரௌட்டரின் அடாப்டர் சுவரில்தான் செருகியிருக்கிறது. ரௌட்டரிலிருந்து கணினிக்கு வருவது செம்புக் கம்பி. கூரையில் டிஷ் வைத்த வீடுகளில் அந்தக் கேபிள் டிவிக்கு வரும். டிவியோடு கணினியை இணைத்திருந்தால் அதுவும் ஒரு வழி.

மின்னல் உங்கள் வீட்டின் மேலேயே விழ வேண்டியதில்லை. சில நூறு மீட்டர் தள்ளி விழுந்தாலும் கம்பிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படலாம். கணினியின் சிப்புகளோ 5 வோல்ட்டிலும் அதற்குக் குறைவாகவும் வேலை செய்பவை. சுவர் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். பல சுவிட்சுகள் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும், அதிலும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான்.

திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எர்த் சரியில்லாத பழைய வீட்டில் அதன் முழுப் பலன் கிடைக்காது. முதலில் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். புரொடெக்டரின் உள்ளே அந்த அடியை வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் என்ற பாகம் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும். புரொடெக்டரில் உள்ள பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் எக்ஸ்டென்ஷன்தான், மாற்றிவிடுங்கள்.

இடி பெரும்பாலும் நாம் வேலையில் இருக்கும் நேரத்தில் வருகிறது. அதனால் காலையில் கிளம்பும்போதே எல்லா ஒயரையும் கழற்றிவிடுங்கள். இடிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டால் ஒயரைத் தொடவே வேண்டாம். கணினி போனால் போகட்டும்.

கோப்புகளுக்கு நகல் எடுக்கிற ஹார்ட் டிஸ்க்கைக் கணினியிலேயே செருகி வைத்திருந்தால், அதுவும் சேர்ந்து போகும். நகல் எடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள்.