மீன் எண்ணெய்: பெராக்சைடு எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

மீன் வெட்டியதும் ஒதுக்கும் தலை, தோல், குடல், நடுமுள் எல்லாவற்றிலும் எண்ணெய் உண்டு. ஆனால் அதன் தரம் அடுப்பேறும் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. குடலில் உள்ள லைப்பேஸ் நொதி, மீன் செத்த பிறகும் கொழுப்பைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். அதனால் கழிவை உடனே ஐஸில் போட்டு, அன்றைக்கே காய்ச்சிவிட வேண்டும். இரத்தத்தைக் கழுவி நீக்குங்கள். அதிலுள்ள இரும்பு காறலை, அதாவது எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடுவதை, தூண்டும். பித்தப்பையை உடைக்காமல் எடுங்கள். உடைந்தால் பித்த உப்புகள் எண்ணெயையும் நீரையும் எளிதில் பிரியவிடாது.

நறுக்கிய கழிவோடு அதே எடைக்குத் தண்ணீர் சேர்த்து, 85 முதல் 95 டிகிரி செல்சியஸில் 15–20 நிமிடம் வேகவையுங்கள். புரதம் திரண்டு எண்ணெயை வெளியே விட அதுவே போதும். இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று கொதிக்கவிட்டால் நிறம் கறுக்கும். வேகமாகக் கிளறினால் எண்ணெய்க்கும் நீருக்கும் நடுவே மோர் போல ஓர் அடுக்கு நிற்கும். அதில் எண்ணெய் சிக்கி வீணாகும். சூடு ஆறுமுன் பிழிந்து, மையவிலக்கில் பிரித்து, வெந்நீரில் கழுவி, ஈரத்தை நீக்குங்கள். செம்பு, பித்தளை கூடவே கூடாது; எவர்சில்வர் பாத்திரம்தான் சரி.

இனி சோதனை. அமில எண் கொழுப்பின் சிதைவைக் காட்டும், பெராக்சைடு எண் காறலின் தொடக்கத்தைக் காட்டும். பெராக்சைடு எண்ணுக்கு 5 கிராம் எண்ணெயை, 3:2 விகித அசிட்டிக் அமிலம், குளோரோஃபார்ம் கலவை 30 மில்லியில் கரைத்து, தெவிட்டிய பொட்டாசியம் அயோடைடு கரைசல் அரை மில்லி விட்டு, சரியாக ஒரு நிமிடம் குலுக்கி, 30 மில்லி தண்ணீர் சேர்த்து, தயோசல்பேட்டால் தரம்பார்க்க (டைட்ரேஷன் செய்ய) வேண்டும். மஞ்சள் வெளிறியதும் ஸ்டார்ச் விடுங்கள். நீலம் மறையும் துளியே முடிவு. எண்ணெய் சேர்க்காத வெற்றுச் சோதனையின் அளவைக் கழிக்க மறக்காதீர்கள்.

பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். பெராக்சைடுகள் சூட்டில் உடைந்து ஆல்டிஹைடுகளாகிவிடும். எண் இறங்கும், எண்ணெயோ இன்னும் கெட்டிருக்கும். ஆகவே அந்த ஆல்டிஹைடுகளை 350 நானோமீட்டர் ஒளியில் அளந்து காட்டும் அனிசிடின் எண்ணையும் பாருங்கள். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் 2017 தரப்படி, பொதுவான மீன் எண்ணெய்களுக்கு அமில எண் 3, பெராக்சைடு 5, அனிசிடின் 20, டோட்டாக்ஸ் 26 ஆகியவை உச்சவரம்பு. டோட்டாக்ஸ் என்பது பெராக்சைடு எண்ணின் இருமடங்கோடு அனிசிடின் எண்ணைக் கூட்டியது. பெராக்சைடு 3, அனிசிடின் 24 என்றால் டோட்டாக்ஸ் 30. பெராக்சைடை மட்டும் பார்த்தவர் அந்த எண்ணெயைத் தேர்ச்சி என்று அனுப்பியிருப்பார்.

இந்த எண்கள் சரியாக இருந்தாலும் கழிவிலிருந்து எடுத்த எண்ணெயைச் சுத்திகரிக்காமல் யாருக்கும் குடிக்கக் கொடுக்காதீர்கள். டையாக்சின், பிசிபி போன்ற நச்சுப்பொருள்கள் கொழுப்பில் கரைபவை. மீனில் இருந்தால் எண்ணெயோடு சேர்ந்தே வரும், டைட்ரேஷனில் தெரியாது.