கேம்பர்வேன் பயணத்தின் கடைசி மூன்று நாள்: ஜோடியாகப் போகிறவர்கள் கவனத்துக்கு

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு விடிகாலை, ஐந்து மணி இருக்கும், ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. ஏழு வாரம் கேம்பர்வேனில் (உள்ளேயே கட்டிலும் அடுப்பும் உள்ள வேன்) சுற்றிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள், இன்னும் ஒன்றரை நாள் ஓட்டம்தான் பாக்கி. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவரைத்தான் நோயாளி என்று பதிவு செய்திருந்தார்கள். மண்டையைப் பிளக்கும் வலி, இரண்டு முறை வாந்தி. "ராத்திரி சரியா தூங்கல டாக்டர், அதான்" என்றார். விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 98 காட்டியது. இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், மற்றபடி ஒன்றுமில்லை. வலிக்கு ஒரு மாத்திரையும் வாந்திக்கு ஒரு ஊசியும் போட்டு அனுப்பியிருக்கலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். பக்கத்து நாற்காலியில் நெற்றியை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "எனக்குந்தாங்க வலிச்சுது, வண்டியை விட்டு இறங்கி நடந்ததும் பரவாயில்ல" என்றார். அதையும் என்னிடம் சொல்லவில்லை, அவரிடம்தான் சொன்னார்.

ஒரே வண்டியில் தூங்கிய இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வெளிக்காற்றில் நின்றால் குறைகிறது. இதைக் கேட்டவுடன் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ராத்திரி வண்டிக்குள் என்ன எரிந்தது என்று கேட்டேன். ஹீட்டர் இரண்டு நாளாக வேலை செய்யவில்லையாம். வெளியே மழை, நல்ல குளிர். "இன்னும் ரெண்டு ராத்திரிதானேன்னு" சமையல் அடுப்பைச் சின்னதாக எரியவிட்டு, சாரல் அடிக்கிறதென்று மேல் திறப்பையும் மூடிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வண்டியில் இருந்திருக்கிறது. பேட்டரி தீர்ந்து கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்ததால் போன வாரம் கழற்றி டிராயரில் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று.

இந்த "இன்னும் ரெண்டு நாள்தானே" என்ற பேச்சைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீண்ட பயணம் முடித்து வருகிறவர்களிடம் விசாரிக்கும்போது ஏதோ ஒரு வடிவத்தில் இது என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. முதல் வாரத்தில் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்ப்பவர்கள் இவர்கள். கடைசி மூன்று நாளில் மனசு முன்னாடியே வீட்டுக்குப் போய்விடுகிறது. அலாரம் பேட்டரி, டயர் காற்று, மாத்திரை, தூக்கம் எல்லாம் "போய்ப் பார்த்துக்கலாம்" கணக்கில் சேர்ந்துவிடுகிறது. உடம்பும் வண்டியும் மிகவும் தேய்ந்திருப்பது அந்த நாட்களில்தான்.

முதலில் கார்பன் மோனாக்சைடு விஷயத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணைக் கரிக்காது. கேஸ், கரி, விறகு, டீசல் என்று எது அரைகுறையாக எரிந்தாலும் வரும். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு போய் ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அதனால்தான் அவருக்கு 98 காட்டியது. வீட்டில் அந்தக் கருவி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள், இந்த விஷயத்தில் அந்த எண்ணை நம்பக் கூடாது. இரத்தத்தைத் தனியாகப் பரிசோதித்தால்தான் தெரியும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் உடம்பிலுள்ள அளவு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும், முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். இருவருக்கும் ஆக்சிஜன் கொடுத்தோம், மாலைக்குள் தெளிந்துவிட்டார்கள். ஆனால் தெளிந்த பிறகும் சில நாள், சில வாரம் கழித்து மறதி, குழப்பம், குணமாற்றம் வருவதுண்டு என்பதால் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.

சமையல் அடுப்பு சூடேற்றும் சாதனம் இல்லை, அது எவ்வளவு சின்னதாக எரிந்தாலும் சரி. அதைவிட மோசம், வெளியே சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, "அணைஞ்சுடுச்சு, சூடுதான் இருக்கு" என்று கரி அடுப்பை உள்ளே எடுத்து வைப்பது. தணல் புகையாமல் கனன்றுகொண்டிருக்கும்போதுதான் இந்த வாயு நிறைய வரும். இப்படி வண்டியிலும் கூடாரத்திலும் தூக்கத்திலேயே இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இன்னொரு குழப்பத்தையும் அடிக்கடி பார்க்கிறேன். கேஸ் கசிவு அலாரம் வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, தரையோடு தேங்கும், அதனால் அந்த அலாரத்தைத் தரையருகே வைப்பார்கள். மற்றதைத் தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் தனியாக வைக்க வேண்டும். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கம் தேதி இருக்கும், பாருங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் இருவருக்கும் சேர்ந்து வந்தால் காரணம் யோசித்துக்கொண்டு உள்ளே உட்காராதீர்கள். கதவைத் திறந்து இருவரும் வெளியே வாருங்கள், அப்புறம் உதவிக்குக் கூப்பிடுங்கள். மருத்துவமனைக்கு அதே வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு வராதீர்கள். அன்றைக்கு அவர் அப்படித்தான் ஓட்டி வந்தார், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது.

அடுத்தது தூக்கம். கடைசி நாட்களின் விபத்துக் கதைகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது மூன்று நாள் தூரத்தை ஒரே நாளில் ஓட்ட முடிவு செய்ததைத்தான். கைபேசி வரைபடம் எட்டு மணி நேரம் என்று காட்டும், அது பெரும்பாலும் காருக்கான கணக்கு. நிறைந்த கேம்பர்வேன் ஏற்றத்தில் திணறும், காற்றடித்தால் ஆடும், எட்டு என்பது பதினொன்றாகும். காலையில் இடத்தைக் காலி செய்து, கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்து, பொருளெல்லாம் கட்டிவைத்து, பிறகு பதினொரு மணி நேரம் ஓட்டினால் விழித்தே 15, 16 மணி நேரம் ஆகியிருக்கும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று 1990-களிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். பல நாடுகளில் வண்டி ஓட்டச் சட்டம் வைத்திருக்கும் எல்லையே அதுதான்.

கண் மூடுவதை ஓட்டுகிறவர் உணர்வார் என்று நினைக்காதீர்கள். மூன்று நான்கு நொடி மூளை அப்படியே அணைந்து எரியும், கண் திறந்தே கூட இருக்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறது, நான்கு நொடிக்கு 110 மீட்டருக்கும் மேல். யாருமே ஓட்டாத மூன்று டன் வண்டி. கடைசி சில கிலோமீட்டர் நினைவில் இல்லை, ஓயாத கொட்டாவி, கோட்டோரமாக வண்டி நகர்வது, ஒரே பலகையை இரண்டு முறை படிப்பது, இவையெல்லாம் வந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் கொஞ்ச நேர ஏமாற்று. உண்மையில் உதவுவது நிறுத்தித் தூங்குவது மட்டும்தான். அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது: பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 15, 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆவதால் எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். அடுத்த நிறுத்துமிடம் வரை போய்ச் சேர அது போதும், வீடு வரை போதாது. பின்மதியம் இரண்டு முதல் நான்கு, நள்ளிரவு இரண்டு முதல் ஆறு, இந்த நேரங்களில் எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும் உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். வாந்தி வராமலிருக்கப் போடும் பயண மாத்திரைகளும் சளி மாத்திரைகள் பலவும் தூக்கத்தைக் கூட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இங்கேதான் ஜோடியாகப் போவது பலம். ஓட்டுகிறவரின் தூக்கம் அவருக்குத் தெரிவதற்கு முன்னால் பக்கத்திலிருப்பவருக்குத் தெரிந்துவிடும். கிளம்பும்போதே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: "நிறுத்துங்க" என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல், முகம் சுளிக்காமல், அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவது. சொன்னவரிடம் அப்புறமும் குத்திக்காட்டக் கூடாது, ஒரு தடவை குத்திக்காட்டினால் அடுத்த தடவை அவர் வாயைத் திறக்கமாட்டார். அதேபோல, "நீ பின்னாடி போய்ப் படுத்துக்கோ, நான் ஓட்டுறேன்" என்ற அன்பான பேச்சு வேண்டாம். ஓடும் வண்டியில் பெல்ட் இல்லாமல் கட்டிலில் படுத்திருப்பவர் ஒரு பிரேக்குக்கு எங்கே போய் விழுவார் என்பதை நான் பார்த்திருக்கிறேன். கடைசி நாளில் பாத்திரமும் தண்ணீர் கேனும் அரைகுறையாகக் கட்டியிருப்பதால் அவையும் சேர்ந்து பறக்கும்.

மாத்திரை விஷயம் யாரும் எழுதுவதில்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஆறு வாரத்துக்கு எடுத்துப் போன மாத்திரை ஏழாவது வாரத்தில் தீர்கிறது. அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவார்கள், பாதியாக உடைத்துப் போடுவார்கள், இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுவார்கள். வலிப்பு மாத்திரையை இப்படி இழுத்துப் பிடிப்பது, அதிலும் வண்டி ஓட்டுகிறவர் செய்வது, பேராபத்து. இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறும். இரத்தம் உறையாமலிருக்கப் போடுவதும் அப்படித்தான், ஒரு நாள் கூட விட முடியாது. இன்சுலின் வைத்திருப்பவர்கள் வெயிலில் மூடிக் கிடந்த வண்டிக்குள் அது எத்தனை நாள் வெந்தது என்று யோசியுங்கள், கெட்டுப்போனது பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம், சர்க்கரை மட்டும் இறங்காது. இன்னொன்று, வழியில் கழிப்பறைக்கு நிறுத்த வேண்டாம் என்று தண்ணீரே குடிக்காமல் வருவது, பெண்கள் இதை நிறையச் செய்கிறார்கள். வீடு சேர்ந்த மூன்றாம் நாள் சிறுநீர் எரிச்சலும் குளிர்க்காய்ச்சலுமாக வருவார்கள். நிறுத்தினால் ஐந்து நிமிடம் போகும், அவ்வளவுதானே.

கால்களையும் கவனியுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணித்தால் கால் ரத்தக்குழாயில் உறைகட்டி வரும் வாய்ப்பு சுமார் இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. விமானத்துக்கு மட்டுமல்ல, காருக்கும் பேருந்துக்கும் ரயிலுக்கும் இதே கதை. பெரும்பாலோருக்கு அடிப்படை ஆபத்து சிறியதுதான், ஆனால் முன்பு உறைகட்டி வந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடந்தே ஆக வேண்டும். வீட்டுக்கு வந்த சில வாரங்களுக்குள் ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால், அல்லது திடீரென மூச்சு வாங்கினால், தைலம் தேய்க்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

டயர் பற்றிப் பேச மெக்கானிக் தகுதியானவர், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கடைசி ஓட்டத்தின் காலையில், டயர் சூடாகும் முன், காற்றை அளந்துவிட்டுக் கிளம்புங்கள். வாங்கிச் சேர்த்த பொருளெல்லாம் சேர்ந்து போனபோது இருந்ததை விட வண்டி இப்போது கனமாக இருக்கும்.

சண்டை. வாரக்கணக்கில் சில அடி இடத்துக்குள் ஒத்துப்போனவர்கள் கடைசி இரண்டு நாளில் முறைத்துக்கொள்வதை நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒருவருக்கு வீடு சேர வேண்டும், இன்னொருவருக்குப் பயணம் முடியவே கூடாது. இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லாமல், எங்கே நிறுத்துவது, யார் பாதையைத் தவறவிட்டது என்று சின்ன விஷயங்களில் மோதிக்கொள்வார்கள். கோபத்தில் ஓட்டுபவர் வேகமாகத்தான் ஓட்டுவார். மருத்துவராக நான் சொல்வது: காரணமில்லாமல் எரிச்சல் கூடினால் முதலில் வண்டியை நிறுத்தி, கடைசியாக எப்போது சாப்பிட்டோம், தண்ணீர் குடித்தோம், ஒழுங்காகத் தூங்கினோம் என்று பாருங்கள். பேச்சுவார்த்தை அதற்குப் பிறகு. வீட்டில் காத்திருப்பவர்களிடம் வரும் தேதியை ஒரு நாள் தள்ளியே சொல்லிவையுங்கள். அந்த ஒரு நாள் கையில் இருந்தால் ராத்திரி ஓட்டத்துக்கு அவசியமே வராது, வேலைக்குத் திரும்பும் முதல் நாளை அதற்கடுத்த நாளாக வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, வீட்டுக்கு வந்த பிறகு வரும் காய்ச்சல். வண்டியின் தண்ணீர்த் தொட்டியில் 20 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லெஜியனெல்லா என்ற பாக்டீரியா வளரும். ஷவர் தூவலில் அதை மூச்சோடு இழுத்துவிட்டால், பொதுவாக 2 முதல் 10 நாளுக்குள், சிலருக்கு இன்னும் சில நாள் தள்ளி, கடும் நிமோனியா வரலாம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இது அதிகம், வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்குகளில் சில இதற்குக் கேட்காது. மலேரியா உள்ள பகுதியில் சுற்றியிருந்தால் காய்ச்சல் மாதக்கணக்கில் கழித்துக்கூட வரலாம். அதனால் வந்ததும் தொட்டியைக் காலி செய்து உலரவிடுங்கள், காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால் அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்: இத்தனை வாரம் வேனில் இருந்தோம், இந்தந்த இடங்களில் தங்கினோம், தொட்டித் தண்ணீரில் குளித்தோம், பூச்சி கடித்தது, இந்தத் தேதியில் வீடு திரும்பினோம். முடிந்தால் இருவரும் சேர்ந்தே போங்கள். அன்றைக்கு அந்த அம்மா கூட வராமல் வண்டியிலேயே படுத்திருந்தால் நான் அவர் கணவரை ஒரு வலி மாத்திரையோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.