வழங்கப்பட்டது என்றால் பயன்பட்டதா? வெளிநாட்டு உதவியை நாடாளுமன்றம் கேள்வி கேட்கும் முறை

2004 சுனாமிக்குப் பிறகு கடலூர், புதுச்சேரி மீனவக் கிராமங்களுக்கு ஃபைபர் படகுகள் வரிசையாக வந்து இறங்கின. நிவாரணக் கணக்கில் ஒரு படகு என்பது ஒரே ஒரு வரி: விலை, தேதி, பெற்றவர் கையெழுத்து. கடலுக்குப் போகிறவருக்கோ படகோடு என்ஜின், வலை, ஐஸ் பெட்டி, முதல் சில நாள் டீசல் எல்லாம் சேர்ந்தால்தான் அது தொழில். படகு மட்டும் கிடைத்தவர் வலைக்காக வட்டிக்கு வாங்க வேண்டியதுதான். கண்ணாடி இழைப்பாயில் ஓர் அடுக்கைக் குறைத்து, அதை இறுக்கும் ரெசின் பசை சரியாக ஊறாமல் அச்சிலிருந்து எடுத்த படகாக இருந்தால், அலை மோதும் முன்முனையான அணியத்தில்தான் முதலில் விரிசல் விடும். அந்தப் படகும் ‘வழங்கப்பட்டது’ என்ற கணக்கிலேயே நிற்கும்.

பணப் பற்றாக்குறையால் நடந்த தவறு அல்ல இது. பல நாடுகளில் நடந்த சுனாமி உதவியைப் பற்றி 2006-ல் வெளியான கூட்டு மதிப்பீட்டின்படி, பாதிக்கப்பட்ட ஒருவருக்கு ஏறத்தாழ 7,100 டாலர் திரண்டது. அதே 2004-ல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது தலைக்கு 3 டாலர். பணம் குவிந்த இடத்தில், எண்ணிக் காட்ட எளிதான பொருளே அதிகம் வரும். படகை எண்ணலாம், படமும் எடுக்கலாம்.

உதவி வாங்கிய கரையில் இருப்பவர்களுக்கு இது பழகிய பாடம். இன்று இந்தியாவே பூடான், நேபாளம், இலங்கை, மாலத்தீவு, ஆப்பிரிக்க நாடுகள் எனப் பல இடங்களுக்கு உதவி செய்கிறது. அதற்கென வெளியுறவு அமைச்சகத்தில் 2012-ல் தனிப் பிரிவே தொடங்கினார்கள். அது நம் வரிப்பணம். அதைக் கேட்பது யார்?

முதல் இடம், வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு. மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 உறுப்பினர்கள். பட்ஜெட் வந்ததும் அவை இடைவேளை விடும் நாட்களில் இக்குழு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை, அதாவது ஆண்டுச் செலவுக்கு அது நாடாளுமன்றத்திடம் கேட்கும் தொகையை, வரிவரியாகப் பார்க்கிறது. பெரும்பாலான அமைச்சகங்களின் கோரிக்கைகள் அவையில் விவாதமே இல்லாமல் கடைசி நாளில் மொத்தமாக நிறைவேறிவிடும். அதனால் உண்மையான விசாரணை என்று ஏதாவது நடந்தால் அது இந்தக் குழு அறையில்தான். கூட்டம் மூடிய அறைக்குள் நடக்கும். அறிக்கை வெளியாகும், நாடாளுமன்ற இணையதளத்தில் யாரும் படிக்கலாம்.

படிக்கும்போது மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு. முதலாவது பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால் அங்கே ஏதோ நின்றிருக்கிறது: நிலம் கிடைக்கவில்லை, டெண்டர் தோற்றது, அந்த நாட்டில் ஆட்சி மாறியது. குழுக்கள் இதை நன்றாகவே பிடிக்கின்றன. ஆனால் மூன்றும் ஒத்துப்போனால் கேள்வி நின்றுவிடுகிறது. திட்டக் கணக்கு பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நடைமுறைப்படுத்தும் ஏஜென்சிக்கு மார்ச்சில் முன்பணம் போன அன்றே அது செலவாகப் பதிவாகிவிடும். பிறகு யு.சி. எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழ் வரும். பணம் சொன்ன தலைப்பில் போனது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

இன்னொரு ஓட்டை அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்ஸிம் வங்கி வழியாகப் போகும் சலுகைக் கடன்கள். கடன் தொகையை வங்கியே சந்தையில் திரட்டுகிறது, வட்டி வித்தியாசத்தை அரசு ஏற்கிறது. ஆகவே அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில் முழுக் கடனும் தெரியாது. பொதுவாக 75 சதவீதப் பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்தே வாங்க வேண்டும் என்பது விதி. போட்டியிடும் நிறுவனங்கள் குறைந்தால் விலை ஏறும், அதைத் திருப்பிக் கட்டுவது கடன் வாங்கிய நாட்டு மக்கள். திருப்பிக் கேட்காமல் கொடுக்கும் மானியத்தையும் கடனையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்காமல் ‘மொத்த உதவி’ என்று பேசுவதில் பொருளே இல்லை.

இரண்டாவது வழி கேள்வி. புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். கடலூர் தொகுதிக்கும் ஒரு மக்களவை உறுப்பினர் இருக்கிறார். மக்களவைக் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு, 150 சொற்களுக்குள். நட்சத்திரக் குறியிட்ட கேள்வியானால் வாய்மொழிப் பதில், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளைக்கு 20 மட்டுமே என்பதால் பெரும்பாலானவை எழுத்துப் பதிலோடு முடியும். எழுத்துப் பதில் மட்டமானது என்று நினைக்க வேண்டாம், எண்கள் அதில்தான் இணைப்பாக வரும்.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இலங்கையில் இந்தியா அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வடக்கிலும் கிழக்கிலும் பயனாளிகளே கட்டிக்கொள்ள, வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய் தவணை தவணையாக வங்கிக் கணக்கில் போனது. ‘திட்டத்தின் நிலை என்ன?’ என்று கேட்டால் கட்டி முடித்த எண்ணிக்கை பதிலாக வரும், அவ்வளவுதான். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் சராசரி இடைவெளி எத்தனை நாள்? சிமெண்ட் விலை ஏறியபோது தொகை திருத்தப்பட்டதா? முடிக்கக் கடன் வாங்கிய குடும்பங்கள் எத்தனை? ஒப்படைத்து ஐந்தாண்டு கழித்து யாராவது போய்ப் பார்த்தார்களா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அது பெரிய தகவல்.

பிரிட்டனில் இதற்கென்றே சர்வதேச வளர்ச்சிக் குழு இருக்கிறது. 2011-லிருந்து உதவியின் பயனை மதிப்பிடும் தனி ஆணையம் ஒன்று இக்குழுவுக்கு அறிக்கை தருகிறது. அது பணத்தின் தடத்தோடு நிற்காமல் திட்டத்தின் விளைவையும் ஆராய்கிறது. மலேசியாவின் பெர்காவ் அணைக்கு 23.4 கோடி பவுண்டு கொடுத்த விவகாரம் அங்கே பாடமானது. பொருளாதாரத்துக்குப் பொருந்தாத திட்டம் என்று துறையின் மூத்த அதிகாரியே எழுதி வைத்தார், அமைச்சர் மீறி உத்தரவிட்டார். தணிக்கையாளர் அதை வெளியே கொண்டுவந்தார். 1994-ல் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. அதிகாரியின் எதிர்ப்பு கோப்பில் இல்லாதிருந்தால் தணிக்கைக்குப் பிடி கிடைத்திருக்காது. நம் குழுக்களும் ‘இத்திட்டத்துக்கு எழுத்தில் மாற்றுக் கருத்து வந்ததா?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

பயனை அளப்பது கடினம்தான். புதுச்சேரியின் நல்லவாடு மீனவக் கிராமத்துத் தகவல் மையம் கனடா நிதியுதவியோடு 1998-ல் தொடங்கிய திட்டத்தின் ஒரு பகுதி. அலையின் உயரமும் காற்றும் சந்தை விலையும் மீனவருக்குச் சொல்வதுதான் அத்திட்டத்தின் நோக்கம். சுனாமி அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையை அந்த மையத்தின் ஒலிபெருக்கி ஊருக்குச் சொன்னது, மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். திட்டக் கணக்கில் ஒலிபெருக்கி சின்னச் செலவு. அதை ஊரே பழக்கமாகக் கேட்டு வந்ததுதான் பலன். அப்படி ஒரு பழக்கம் உருவானதா என்று கேட்க ஒரு கேள்வி போதும், கேட்கத்தான் ஆளில்லை.

அறிக்கை வந்த பிறகு அரசு மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அதைப் பரிசீலித்து ‘நடவடிக்கை அறிக்கை’ வரும். அதில் நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களை முதலில் புரட்டுங்கள். குழு ஏற்காத பதில்களும், அரசு இன்னும் இறுதிப் பதில் தராத பரிந்துரைகளும் அங்கேதான் கிடக்கும். உங்கள் உறுப்பினரிடம் கொடுக்க வேண்டிய அடுத்த 150 சொற்களுக்கான பொருள் அந்தப் பக்கங்களில் தயாராக இருக்கிறது.