அப்பா ஏலத்தில் எடுத்த நிலம் யாருக்கு?

ஆண் பிள்ளை இல்லாதவர் நிலம் பங்காளி மகனுக்குத்தான் போகும் என்று ஊர்ப் பஞ்சாயத்துகளில் இன்னமும் பேசுகிறார்கள். பெற்ற மகள் எதிரே நிற்கும்போதே பேசுகிறார்கள். அது சட்டமில்லை என்பதை நிலைநாட்ட ஒரு தமிழ்நாட்டுக் குடும்ப வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கூட்டுக்குடும்பத்தில் இருந்த ஒருவர் 1938-ல் நீதிமன்ற ஏலத்தில் நிலம் வாங்கினார். அவருக்கு ஒரே மகள். 1949-ல் அவர் இறந்தார். மகளும் பிள்ளையில்லாமல் 1967-ல் இறந்தார். நிலம் வாங்கியவருக்கு முன்பே இறந்துவிட்ட அவருடைய சகோதரருக்கு ஒரு மகன், நான்கு மகள்கள். அந்த நால்வரில் ஒருவர்தான் ஐந்தில் ஒரு பங்கு கேட்டுப் பாகப்பிரிவினை வழக்குப் போட்டவர்.

விசாரணை நீதிமன்றம் 1994-ல் தள்ளுபடி செய்தது. உயர் நீதிமன்றமும் 2009-ல் அதையே உறுதி செய்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்கு முன்பே நிலம் வாங்கியவர் இறந்துவிட்டதால், உயிரோடு இருந்த ஆண் பங்காளியான சகோதரர் மகனுக்கே நிலம் போய்விட்டது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

2022 ஜனவரி 20 அன்று நீதிபதிகள் அப்துல் நசீர், கிருஷ்ண முராரி அமர்வு இதை மாற்றியது. அன்றைய சட்டத்தில் எஞ்சியிருக்கும் ஆண்களுக்குப் போனது கூட்டுக்குடும்பச் சொத்து மட்டுமே. தானே சம்பாதித்து வாங்கியது, கூட்டுக்குடும்பத்தில் இருந்தே இறந்தாலும், வாரிசுக்குத்தான் இறங்கும். ஆண் பிள்ளை இல்லாத இடத்தில் மகளும் வாரிசு. எனவே நிலம் மகளுக்கு வந்தது. அவர் 1967-ல் பிள்ளையில்லாமல் இறந்ததால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 15(2)-ன்படி அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பியது. அங்கே சகோதரர் மகனும் மகள்களும் சமம். ஐந்தில் ஒன்று கிடைத்தது. ஆனால் வழக்குப் போட்டவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. பலன் அவருடைய வாரிசுகளுக்கு.

இந்த விதி நேற்று வந்ததில்லை. சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829-ல் மகனில்லாமல் இறந்தபோது சகோதரர் வழியினர் ஜமீனைப் பிடித்துக்கொண்டார்கள். அது அவர் தனியாக அடைந்த சொத்து என்று சொல்லி, 1863-ல் லண்டனில் இருந்த அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மகள் காத்தம நாச்சியாருக்குக் கொடுத்தது. முப்பத்து நாலு வருடம்!

ஆகவே உங்கள் குடும்பத்தில் பேச்சு எழுந்தால் முதலில் மூலப்பத்திரத்தைத் தேடுங்கள். கிரயப் பத்திரமோ ஏலச் சான்றோ யார் பெயரில் இருக்கிறது, பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் வழக்கே நிற்கும். கூட்டுக்குடும்பம் என்பதாலேயே சொத்தும் பொது ஆகிவிடாது. பொதுச் சொத்தின் வருமானம் இருந்தது, அதில் வாங்கப் போதுமான தொகை மிஞ்சியது என்று பொது என்பவர்தான் முதலில் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் நிரூபிக்கும் சுமை மறுபக்கம் திரும்பும்.

அடுத்தது இறந்த தேதி. சட்டம் வந்தது 1956 ஜூன் 17. இந்த வழக்கில் இறந்தது 1949-லா 1957-லா என்றே ஒரு சண்டை நடந்தது. இறப்புச் சான்றின் நகலை இப்போதே வாங்கி வையுங்கள். பட்டா அண்ணன் பெயருக்கு மாறிவிட்டதே என்று கலங்க வேண்டாம். பட்டா மட்டும் சொத்துரிமையைத் தந்துவிடாது. என் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அப்படியில்லை. "சும்மா ஒரு கையெழுத்து, தங்கச்சி" என்று நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிக்கு வரி படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.